எடுத்துவிடச் சொன்ன மூச்சு

…எடுத்துவிடலாம், அதொன்றும் பெரிய வேலையில்லை, எத்தனையோ பேருடைய மூச்சை அவள் எடுத்திருக்கிறாள், விளம்பரக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம், மூச்சே விடாமல் பேசுகிற மனிதர்களைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும், செய்தி வாசிக்கிறவர்கள், கதை படிக்கிறவர்கள், புதிதாகப் பாட வந்து மைக்குக்கு மேலேயே விழுந்து மூச்சு வாங்குகிறவர்கள், எல்லாருடைய மூச்சையும் சட்டையில் ஒட்டிய நூலைக் கிள்ளிப் போடுவதுபோலக் கிள்ளிப் போட்டிருக்கிறாள், ஒருநாளும் கை தயங்கியதில்லை, ஆனால் இது பெரியக்காவின் மூச்சாயிற்றே… இதை எடுத்து எங்கே வைப்பது என்று என்னவோ சாமான் ஒதுங்கவைக்கிறவள் மாதிரி ஒரு கேள்வி வந்தது அவளுக்கு, வந்ததும் சிரிப்பும் வந்தது, சிரிக்கக் கூடாது, பின்னால் சோபாவில் அவன் உட்கார்ந்திருக்கிறான், பெரியக்காவின் ஒரே மகன், முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவனைப் போல. பஸ் கம்பெனியில் எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன், எதையும் நேராகச் சொல்லிப் பழகியவன், வந்ததும் உட்காரக்கூட இல்லை, “அம்மா பாடினது அப்படியே இருக்கட்டும் சித்தி, நடுநடுவுல மூச்சு வாங்குது பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க” என்றான். சித்தி என்று அவன் கூப்பிடுவதற்கு ரத்த உறவு ஒன்றும் காரணமில்லை, பெரியக்கா அவளைத் தங்கச்சி என்று சொல்லப்போக, பேச்சு வந்த நாளிலிருந்து இவனுக்கு அவள் சித்தி. அந்த சித்திதான் சொன்னாள், “முதல்ல ஒரு தடவ முழுசா கேட்டுடுறேன் கண்ணா, அப்புறம் பேசலாம்” என்று. சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள், அது அவளுடைய பழக்கம், முதல் தடவை கேட்கும்போது எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது, கை நீண்டுவிட்டால் காது சுருங்கிவிடும்.

குரல் மட்டும்தான், துணைக்கு ஒரு வாத்தியமும் கிடையாது, பெரியக்காவே அப்படி வேண்டும் என்று கேட்டதாம், “வயலின்காரனோட போட்டி போட எனக்குத் தெம்பு இல்ல, என்ன மட்டும் புடிச்சுக்கோ” என்று. இவள் கணவர்தான் மைக்கையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பெரியக்காவின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, எதிரொலி வராமல் எதிர்ச் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டு. நுரையீரல் பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று பெரியக்கா தன் நோயைப் பற்றிச் சொல்லும், யூனியன் வைத்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று… பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது, ஆளும் போய்விட்டது, இப்போது இந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில், காற்றில், சரியாக அவள் நெற்றிக்கு எதிரே, பெரியக்கா நின்று பாடிக்கொண்டிருக்கிறது. நின்று அல்ல, உட்கார்ந்து. உட்கார்ந்திருப்பது கேட்கிறது, வயிறு மடிந்திருப்பது கேட்கிறது, நாற்காலியின் பிரம்பு ஓரிடத்தில் முனகுவதுகூடக் கேட்கிறது, இத்தனை வருஷமாக இதே வேலை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இது எப்படி என்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை, இரண்டு காகிதக் கூம்புகள் அதிர்கின்றன, அவ்வளவுதான் விஷயம், அந்த அதிர்வுக்குள் ஒரு முழு மனுஷி பிரம்பு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வரிக்கு முன்னால் அந்த மூச்சு. ஹ்ஹா என்று, கதவுக்கு அடியில் காற்று நுழைகிற மாதிரி. இதைத்தான் பையன் எடுக்கச் சொல்கிறான். ஏன் என்று அவள் கேட்காமலே சோபாவிலிருந்து வந்தது பதில், “மாசக்கணக்கா பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன் சித்தி. கேட்டாலும் பயம், நின்னா அதவிட பயம். பாட்டுலயும் இது வேணாம்.” அவள் திரும்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

கேட்டாலும் பயம், நின்றால் அதைவிட பயம்… டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் அப்படித்தான், காதில் மாட்டிய கருவிக்குள் ஊர்பேர் தெரியாத ஒருவர் மூச்சுவிடுவார், பேசமாட்டார், ஏதோ இழவுச் செய்தி சொல்ல வாயெடுத்து வராமல் நிற்பார், மற்ற பெண்களெல்லாம் “லைன்ல இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களா?” என்று கத்தும்போது அவள் மட்டும் கத்தமாட்டாள், இருக்கிறார் என்று தெரியுமே, பேசப்போகிறார் என்றும் தெரியும், பேச்சுக்கு முன்னால் வருகிற மூச்சு வேறு, சும்மா விடுகிற மூச்சு வேறு. மழைத் தண்ணீர் ஏறிய லைனை இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவாள், மேற்பார்வை அம்மா முதலில் நம்பவில்லை, பிறகு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, “உனக்குக் காதா, இல்ல வேற ஏதாவதா?” என்றாள். அப்புறம் இயந்திரம் வந்தது, அவரவரே நம்பர் சுழற்றிக்கொள்ளும் காலம் வந்தது, அவர்களையெல்லாம் கோப்பு அறைக்கு மாற்றினார்கள், கோப்புகள் மூச்சுவிடுவதில்லை, அவளுக்கு அங்கே மூச்சு முட்டியது. அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது, மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், தெருக்கோடியில் நின்று பேசினாலும் தெருவுக்கே கேட்கும் குரல், சத்தம் போடுகிறவருக்கும் சத்தம் கேட்கிறவளுக்கும் எப்படிப் பொருந்தியது என்று நாத்தனார் இன்றைக்கும் கேலி செய்வாள். பொருந்தியது, ஏன் பொருந்தாது, அவர் வேலை முடித்து வந்து ஸ்பீக்கர்களை இறக்கும்போது எது தொண்டை கட்டியிருக்கிறது என்று இவள் சொல்லுவாள், அவர் பிரித்துப் பார்ப்பார், இருக்கும்.

இந்த அறை, இந்த அறையைச் சொல்ல வேண்டுமே, இது மாமனாருடைய மீன் ஐஸ் போட்டு வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. துறைமுகத்தை ஒட்டி அரசாங்கமே பெரிதாக ஒன்று கட்டித் திறந்ததும் இவருடையதற்கு ஆள் வரவில்லை, இழுத்துப் பூட்டினார், கணவர் அதற்குள் தன் ஒயர் சுருள்களைப் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் ஒயர் எடுக்கப்போனாள், அந்தக் கனத்த கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது… தக்கை, சுவர் முழுக்க, கூரை முழுக்க, ஒரு முழம் கனத்துக்குத் தக்கை அடைத்த அறை, குளிர் போகாமல் இருக்க அடைத்தது, சத்தமும் போகாது, வராது என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அமைதி என்றால் சத்தம் இல்லாமல் இருப்பது என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள். இல்லை. அமைதி என்பது ஒரு பொருள், அது அந்த அறையில் தண்ணீர் மாதிரி நிரம்பியிருந்தது, அவள் அதில் கழுத்துவரை நின்றாள். தன் ரத்தம் ஓடுவது கேட்டது, கண் இமைப்பது கேட்டது, எச்சில் விழுங்கினால் ஏதோ கிணற்றில் வாளி விழுந்த மாதிரி கேட்டது, பயந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தவள் மறுபடி உள்ளே போனாள், போய்க் கதவைத் தானே சாத்திக்கொண்டாள். வெளியே வந்து கணவரிடம், “இங்க பாட்டு பதிவு பண்ணலாங்க” என்றாள், அவர் மாமனாரைப் பார்த்தார், மாமனார், “மீனு வச்ச எடத்துல பாட்டா? கேக்குறவன் நாறுதும்பானே” என்றார். நாறத்தான் நாறியது. சோப்பு, சோடா, பினாயில், சுண்ணாம்பு, நாத்தனார் முட்டி போட்டுத் தேய்த்துத் தேய்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், அப்படியும் வெயில் காலத்தில் சுவருக்குள்ளிருந்து மெல்ல ஒரு மீன் எட்டிப்பார்க்கும். ஊரில் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் ஐஸ் பெட்டி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று இவளும் வாசலில் அதே பெயரை எழுதித் தொங்கவிட்டாள்.

முதலில் வந்தது பெரியக்காதான், யாரும் கூப்பிடாத காலம் அது பெரியக்காவுக்கு, பெரிய ஸ்டுடியோக்களில் குரல் கரகரப்பு என்று சொல்லிவிட்டார்கள், உள்ளே வந்தது, மூக்கைச் சுருக்கியது, “இங்க சமையல் யாரு?” என்றது. இவளுக்கு முகம் செத்துப்போய்விட்டது. விஷயத்தைச் சொன்னதும், “அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன், கெடாம இருக்கணும்னா ஐஸ்லதான வைக்கணும்” என்று சொல்லிவிட்டு மைக் முன்னால் போய் நின்றது. நடுவில் போட்டிருந்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இவள். அந்த முதல் வரி வந்தபோது… எப்படிச் சொல்வது, இன்றுவரை யாருக்கும் சொல்லத் தெரிந்ததில்லை, கரகரப்பு என்று அவர்கள் சொன்னது கரகரப்பே இல்லை, ஒரு குரலுக்குள் நாலைந்து குரல்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தன, மற்ற அறைகளின் எதிரொலியில் அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புழுதியாகியிருக்க வேண்டும், இங்கே சுவர் எதையும் திருப்பித் தராததால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, இவள் டேப் ஓடுகிறதா என்று பார்க்கக்கூட மறந்தாள். பாட்டு முடிந்ததும் பெரியக்கா கண்ணாடி வழியாகக் கேட்டது, “என்னம்மா, சரியா இருந்துச்சா?” இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நிற்க, வாயிலிருந்து வந்ததென்னவோ, “ரெண்டாவது வரியில உங்க வளையல் பேசுதுக்கா” என்பதுதான். ஒரு நொடி பெரியக்கா முறைத்தது, பிறகு அந்தத் தக்கைச் சுவரே அதிரச் சிரித்தது, வளையலைக் கழற்றி வைத்தது, அன்றிலிருந்து இவள் பெயர் காது. “ஏ காது, இத கேளு”, “காது என்ன சொல்றா?”, தொலைபேசியில்கூட “காது இருக்காளா?” என்றுதான், நாத்தனார் எடுத்தால், “இருக்கு, ரெண்டு இருக்கு” என்பாள்.

பதிவு செய்வதைக் கணவரிடம் விட்டுவிட்டு இவள் மாஸ்டரிங்குக்கு வந்தது அப்புறம், அது ஏதோ பதவி உயர்வு மாதிரி வெளியே பேசிக்கொள்கிறார்கள், அதெல்லாமில்லை, ஒரு பாட்டைக் கடைசியாகக் கேட்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை, இதற்குப் பிறகு இதை யாரும் தொடமாட்டார்கள், இனி இது ஊருக்குப் போய்விடும் என்கிற அந்த ஓரத்தில் நிற்கிற ஆசை. கிடங்கின் ஒரு மூலையைத் தடுத்து இந்தச் சின்ன அறையைக் கட்டிக்கொண்டாள், கடல் கடந்தெல்லாம் பாட்டுகள் வந்தன, மொழி தெரியாத பாட்டுகள், என்ன வாத்தியம் என்றே தெரியாத வாத்தியங்கள், கேட்டு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எது கொஞ்சம் எட்ட நிற்க வேண்டும், எதற்கு அடிக்குரலில் கொஞ்சம் பலம் வேண்டும் என்று தடவித் தடவிச் சரிசெய்து அனுப்புவாள். அப்படி என்னதான் பண்றே, அவங்க பாடி முடிச்சிட்டாங்களே, என்று மாமனார் கேட்டார் ஒருநாள், பாவம், விளங்கிக்கொள்ள வேண்டும் என்று மெய்யாகவே ஆசைப்பட்டுக் கேட்டார். “பசங்க வெளிய கெளம்பும்போது வாசல்ல நிறுத்திக் காலரைச் சரி பண்ணி விடுவோம்ல மாமா, அதுதான்” என்றாள். அவர், “சரி, நீ வாசப்படி” என்றார். அதைவிடச் சரியாக இதுவரை எந்தப் பத்திரிகைக்காரரும் எழுதியதில்லை.

பாட்டுகள் முடிந்து அறை மறுபடி அமைதியானது, அவன் தொண்டையைச் செருமினான், “கேட்டுட்டீங்களா சித்தி?” கேட்டுவிட்டாள், இனி தள்ளிப்போட முடியாது, இரண்டாவது பாட்டைத் திரையில் திறந்தாள், வீடு போய்ச் சேரும்வரை கொஞ்சம் பொறு என்று மழையிடம் கேட்கிற பாட்டு, குரல் மலை மலையாகத் தெரிகிறது, மலைகளுக்கு நடுவில் புல் முளைத்த மாதிரி மூச்சுகள். ஒவ்வொன்றாக வளைத்துக் குறித்தாள், கை பழகிய வேலை, மனம் எங்கோ இருந்தாலும் கை செய்துவிடும். குறித்து முடித்ததும் வழக்கமாக ஒன்று செய்வாள், தூக்கிப் போடப்போகிறதை மட்டும் தனியாக ஒரு தடவை ஓட்டிக் கேட்பாள், குப்பையைக் கொட்டுமுன் கூடைக்குள் ஸ்பூன் கீன் விழுந்திருக்கிறதா என்று கிளறிப் பார்க்கிற மாதிரிதான், சில சமயம் ஒரு எழுத்தின் வால் வெட்டுப்பட்டு உள்ளே கிடக்கும். “கழிச்சத மட்டும் இப்ப ஓட்டுவேன், பாட்டு இருக்காது, மூச்சு மட்டும்தான் வரும்… நீ வேணா கொஞ்சம் வெளிய போய் நில்லு கண்ணா.” “பரவால்ல சித்தி, உக்காந்திருக்கேன்” என்றான், குரலில் அட்டவணைக்காரனின் உறுதி இல்லை.

ஓட்டினாள். ஆஸ்பத்திரிதான் கேட்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தாள். முதல் மூச்சு வந்தது, பிறகு வெறுமை, பிறகு ஒரு மூச்சு, கொஞ்சம் சிறியது, பிறகு நீண்ட வெறுமை… மூன்றாவதிலேயே அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. பாட்டு இருந்தது. எடுத்துவிட்ட பாட்டு அங்கேயே இருந்தது, குரல் இல்லாமல், வார்த்தை இல்லாமல், ராகம்கூட இல்லாமல். சின்ன வரிக்கு முன்னால் சின்ன மூச்சு, நீண்ட வரிக்கு நீண்ட மூச்சு, மேலே ஏறப்போகிற இடத்தில் அவசரமில்லாமல் இரண்டு படியாக உள்ளே வாங்கிய மூச்சு, மழையைச் செல்லமாகக் கோபித்துக்கொள்கிற வரிக்கு மூக்கால் இழுத்த மூச்சு, அதில் உதடு சிரிப்பில் விரிந்திருப்பது கேட்கிறது, ஒரு வார்த்தையின் நடுவில், யாரும், இந்தக் காதே, முதல் தடவை கேட்டபோது கவனிக்காத ஒரு திருட்டு மூச்சு, பிள்ளை விழித்துக்கொள்ளாமல் அறையைத் தாண்டுகிற தாய் மாதிரி அத்தனை பதவிசாக. பாதி நுரையீரல், அதை வைத்துக்கொண்டு… ஒரு வரி பிறப்பதற்கு முன்பே அது எவ்வளவு தூரம் போகப்போகிறது என்று இந்த மூச்சுக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை, இது நோயா? நோயாளி மூச்சு இப்படியா கணக்குப் போடும்? அல்லது எல்லாருக்கும் இப்படித்தானா, வாயைத் திறக்குமுன் உடம்பு முழு வாக்கியத்தையும் பார்த்துவிடுகிறதா, மனதுக்கே இன்னும் எட்டாத வார்த்தைகளுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கி வைத்துவிடுகிறதா, அப்படியென்றால் யார் பேசுவது, யார் பாடுவது… எவ்வளவு காலம் கேட்டிருக்கிறாள், எத்தனை ஆயிரம் பாட்டுகள், வீட்டைப் பார்த்துப் பார்த்து வியந்தவளுக்கு அதன் அஸ்திவாரத்தை யாரோ இன்றைக்குத்தான் தோண்டிக் காட்டுகிறார்கள்.

அப்போதுதான் அறையில் வேறொரு சத்தம் இருப்பது தெரிந்தது. முதலில் ஸ்பீக்கரில் கோளாறோ என்று நினைத்தாள், மிகத் தாழ்ந்த ஒரு முனகல், மூச்சுகளுக்கு நடுவே இருக்கிற வெறுமைகளில் மட்டும் வருகிறது, மூச்சு வந்ததும் நின்றுவிடுகிறது. திரைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவன் பிம்பம் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தான். பாடிக்கொண்டிருந்தான், பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது, தொண்டைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தான், சுருதி ஒருபக்கம் அவன் ஒருபக்கம், ஆயுளில் ஒருநாள் வாய்விட்டுப் பாடாதவன், குளியலறையில்கூட பாடமாட்டான் என்று பெரியக்கா குறைப்பட்டுக்கொள்ளும், அவன் மழைப் பாட்டை வரிக்கு வரி அந்த வெறுமைகளுக்குள் சரியாக வைத்துக்கொண்டே போகிறான், ஒரு இடத்திலும் மூச்சோடு மோதவில்லை, பெரியக்கா மூச்செடுக்கிற இடத்தில் இவன் நெஞ்சும் ஏறுகிறது, அந்தத் திருட்டு மூச்சு, இந்தக் காது கவனிக்காத அந்தத் திருட்டு மூச்சு, அங்கேகூட இவன் சொட்டாக ஒரு வாய் காற்று எடுத்துக்கொள்கிறான், யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது, சொல்லித்தர முடிகிற விஷயமே இல்லை இது. எங்கே கற்றான்? எப்போது? தூளியில் கிடந்தபோதா, அதற்கும் முன்னால், அந்த நெஞ்சுக்குக் கீழே இருட்டில் சுருண்டு கிடந்தபோதா, அங்கே அவனுக்குப் பாட்டு சுவருக்கு அப்பால் கேட்டிருக்கும், மூச்சுதான் கூரை ஏறி இறங்குகிற மாதிரி மேலேயே நடந்திருக்கும்… அவள் அசையவில்லை, நாற்காலி கிறீச்சிட்டால் போச்சு, எல்லாம் கலைந்துவிடும். பாட்டு, அந்த இல்லாத பாட்டு, முடிந்தது. அவன் கண்ணைத் திறந்தான், தான் செய்தது அவனுக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

“மழைப் பாட்டு தான சித்தி இது?”

“ஆமா.”

“ஒரு வார்த்தகூட இல்லயே… எப்படித் தெரிஞ்சுது எனக்கு?”

அவன் எழுந்து வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான், அந்தப் புற்களை, ஒவ்வொன்றாக. விரலால் ஒன்றைத் தொடப்போய், தொடாமல் எடுத்துக்கொண்டான். “நான் பயந்துக்கிட்டே கேட்டதால எனக்கு வேற மாதிரி கேட்டிருக்கு” என்றான், அவளிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. பிறகு, “பாட்டுல அப்படியே விட்டுடுங்க. எடுக்க வேணாம்.” கதவு வரைக்கும் போனவன் திரும்பினான், பஸ் கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது, சட்டைப்பையில் அது துடித்துக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. “சித்தி, இப்ப ஓட்டினீங்களே, மூச்சு மட்டும். அத எனக்குத் தனியா ஒரு காப்பி போட்டுக் குடுப்பீங்களா? எல்லாப் பாட்டுக்கும்.” தருகிறேன் என்றாள். அவன் போனதும் கதவு அதன் கனத்தில் மெல்லச் சாத்திக்கொண்டது, வெளியே அவன் போனை எடுத்து ஏதோ ஒரு பஸ்ஸைப் பற்றி நிதானமாகப் பேச ஆரம்பித்தது பாதியில் அறுந்தது.

எல்லாப் பாட்டுக்கும் என்றால் எல்லாப் பாட்டையும் குறிக்க வேண்டும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள், இந்தத் தடவை கை மட்டும் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு புல்லையும் கேட்டுக் கேட்டு, இது எவ்வளவு நீளத்துக்கு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து, பிறகு வரியை ஓட்டி, ஆமாம், ஆமாம், இவ்வளவுதான், பார் எவ்வளவு சரியாக என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, யாராவது பார்த்தால் இவளுக்கு என்ன ஆயிற்று என்பார்கள், ஆகட்டும். கடைசிப் பாட்டுக்கு வந்தாள், வந்தவர்களுக்கெல்லாம் விடை கொடுக்கிற பாட்டு, பெரியக்கா எந்த மேடையிலும் முடிவில் இதைத்தான் பாடும், இதைத் தொடங்கினாலே ஜனங்கள் செருப்பைத் தேடிக் காலைத் துழாவுவார்கள், கடைசி வரியில் குரல் மெல்ல இறங்கி இறங்கித் தரையைத் தொட்டு நின்றுவிடும், அவ்வளவுதான் பாட்டு. நின்றது. திரையில் மலை சரிந்து கோடாகிவிட்டது. அவள் அடுத்த வேலையாக முடிவு எங்கே என்று குறிக்கப்போனாள், இந்த வேலையில் அது முக்கியம், பாட்டு முடிந்த பிறகு அறையின் அமைதி கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அதிகமும் கூடாது. கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனவள் கை நின்றது. கோட்டின் முடிவில், பதிவு அறுந்துபோவதற்குச் சற்று முன்னால், ஒரு புல் இருந்தது. புல் அல்ல, புதர். ஓட்டினாள். பெரியக்கா மூச்செடுத்தது. இரண்டு படி அல்ல, மூன்று படியாக, அவசரமே இல்லாமல், அந்தப் பாதி நுரையீரலில் இடமிருந்த மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும்படியாக, இந்தப் பாட்டுகள் எல்லாவற்றிலும் எந்த வரிக்கும் எடுக்காத அளவுக்கு ஒரு மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. பதிவு முடிந்துவிட்டது.

“என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்” என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள். கணவர் பட்டறையிலிருந்து ஈயம் பற்றவைத்த வாசனையோடு வந்தார், “என்னாச்சு, ஃபியூஸ் போச்சா?” என்று தன் பெரிய குரலில் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். ஓட்டிக் காட்டினாள். “பாட்டு முடிஞ்சுது” என்றார். “அதுக்கப்புறம் கேளுங்க.” மறுபடி ஓட்டினாள், அவர் குனிந்து, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து, பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

“மூச்சு எடுக்குறாங்க.”

“ஆமா. எதுக்கு?”

“தெரியலயேம்மா… பாட்டு முடிஞ்சுதுன்னு நான் நிறுத்திட்டேன். முடிஞ்சுதான போச்சு, எனக்குத் தெரியாத பாட்டா? அவங்களும் ஒண்ணும் சொல்லல. ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தாங்க. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன… தண்ணி நல்லாருக்குன்னு சொன்னாங்க.” அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அழுக்கு இல்லாத கையை. “வேற என்ன பாட வந்திருப்பாங்க?” அவளைப் பார்த்துக் கேட்டார், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது போல, இத்தனை வருஷத்தில் காதில் விழுந்த எதைக் கேட்டாலும் அவள் சொல்லியிருக்கிறாள், எந்த லைனில் மழை, எந்த ஸ்பீக்கரில் தொண்டைக்கட்டு, எந்த வரியில் வளையல்.

“எவ்வளவு பெரிய வரின்னு மட்டும்தாங்க தெரியுது” என்றாள். அவர் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

பெரியக்கா பாடின பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம், ஒவ்வொன்றாக எடுத்து அந்த மூச்சின் மேல் வைத்துப் பார்த்தாள், இது சிறியது, இதுவும் சிறியது, இந்தப் பாட்டின் எடுப்பு கொஞ்சம் கிட்டே வருகிறது, இல்லை, மீதி இருக்கிறது, நிறைய மீதி இருக்கிறது, பாட்டாகத்தான் இருக்க வேண்டுமா, பேச்சாக இருந்தால், யாரிடமோ ஏதோ சொல்ல வந்திருந்தால், மகனிடமா, ஜன்னலுக்கு வெளியே யாரிடமாவதா, இந்தக் காதிடமா, ஒருவேளை எதுவுமே சொல்ல வராமல் காற்று நன்றாக இருக்கிறதே என்று, தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்று குடிப்பதுபோல… முடிவைக் குறிக்கிற கோடு திரையில் மின்னி மின்னி நின்றது, பாட்டு முடிந்த இடத்தில் வைத்தால் பாட்டு முடியும், மூச்சுக்குப் பின்னால் வைத்தால் பாட்டு இனிமேல்தான் தொடங்கும், அவள் வாசல்படி, அவள்தான் சொல்ல வேண்டும், சுட்டியில் வைத்த விரலை அவள் எடுத்துக்கொண்டாள். மறுபடி ஓட்டினாள். மூச்சு வந்தபோது அவளும் கூடவே இழுத்துப் பார்த்தாள், முதல் படி, இரண்டாம் படி, போதும் என்று தோன்றியது, போதவில்லை, இன்னும் இருந்தது, மூன்றாவதற்கு விலா எலும்புகள் விரிந்து கொடுத்தன, தனக்குள் இவ்வளவு இடம் இருப்பது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது, முழுக்க நிரம்பி, வாய் திறந்து, தக்கைச் சுவர்களுக்கு நடுவே அவள் அப்படியே நின்றுபோனாள், இதைக் கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல்.